சீனியரின் சம்மரி வேண்டுமா? முதலில் இதைப் படியுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. வணிகமும் தகவல் அமைப்பும் கலந்த மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறேன். ஊரில் படித்தது ஈசிஇ. இங்கே வாரா வாரம் வாசிக்கச் சொல்லும் பக்கங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முன்பு படித்தவர்களின் சம்மரி யாரிடமாவது இருந்தால் தர முடியுமா?

தம்பி, என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். ஆனால் அதை வைத்துப் படிக்காதீர்கள். முதல் செமஸ்டரில் நானும் ஒரு சீனியர் கொடுத்த நாற்பது பக்கத்தை நம்பித்தான் பரீட்சைக்குப் போனேன். வரையறைகள் அத்தனையும் மனப்பாடம். கேள்வித்தாளில் ஒரு வரையறைகூட இல்லை. ஒரு நிறுவனத்தின் நிலைமையை மூன்று பக்கத்துக்கு விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் வழியை மாற்றினேன். எந்தப் பாடமானாலும், இந்த ஊரில் நான் தினமும் பார்க்கிற ஒன்றில் பொருத்திப் பார்த்த பிறகே சம்மரி எழுதுவேன்.

டேட்டாபேஸில் நார்மலைசேஷன் வரும், அதாவது ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி பட்டியல்களைப் பிரிப்பது. தகவலைப் பட்டியல்களாக வைக்கச் சொல்லி எட்கர் காட் 1970இல் கொடுத்த ரிலேஷனல் மாடலிலிருந்து வளர்ந்த விஷயம். ஒரு பட்டியலில் மாணவர் எண், பெயர், அஞ்சல் குறியீடு, புளோக் எண், தெரு இருக்கிறது என்று வையுங்கள். இது மூன்றாம் நார்மல் ஃபார்மில் இருக்கிறதா? அதாவது, மாணவர் எண்ணைத் தவிர வேறு ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லிவிட முடியாதபடி இருக்கிறதா? இங்கே ஆறு இலக்கக் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கும். குறியீடு தெரிந்தால் புளோக்கும் தெருவும் தெரிந்துவிடும். அதனால் இந்தப் பட்டியல் தேறாது, முகவரியைத் தனியாகப் பிரிக்க வேண்டும். சென்னையில் 600017 என்றால் தி.நகர். அதற்குள் எத்தனை தெரு! குறியீட்டை வைத்துத் தெருவைச் சொல்லவே முடியாது, ஆகவே அந்தச் சார்பு அங்கே கிடையாது. பட்டியல் ஒன்றுதான், ஊர் மாறினால் விடையும் மாறுகிறது. விதியைப் பட்டியலில் தேடக்கூடாது, தொழில் நடக்கிற விதத்தில் தேட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இந்த அஞ்சல் குறியீட்டால்தான். நாற்பது பக்கத்தில் அது எங்கும் இல்லை.

ஒரு வேலை நடக்கும் முறையைப் படமாகக் காட்டும் பிபிஎம்என் வரைபடமும் அப்படித்தான். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குக்குக் கீழே இருக்கிற உணவங்காடியில் தே ஓ (பால் இல்லாத டீ) வாங்குகிறீர்கள், கடையில் ஒட்டியிருக்கும் எஸ்ஜிகியூஆர் என்ற கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் பேநௌவில் காசு அனுப்புகிறீர்கள். இதை வரையுங்கள். வாடிக்கையாளர், கடை, வங்கி என்று மூன்று பூல், அதாவது ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கட்டம். வேலையின் வரிசையைக் காட்டும் முழுக்கோட்டு அம்பு ஒரு பூலை விட்டு வெளியே போகக்கூடாது. பூலுக்கும் பூலுக்கும் நடுவே போவது செய்தி மட்டும், அதற்கு விட்டுவிட்டு வரையும் கோடு (dashed line). பலர் மதிப்பெண் இழக்கிற இடம் இது. இன்னொன்றையும் யோசியுங்கள்: காசு வந்துவிட்டது என்று கடைக்காரருக்கு யார் சொல்வது? அவருடைய வங்கி. உங்கள் திரையைப் பார்த்தே அவர் டீயைக் கொடுத்துவிட்டால் அது வேறு ஒரு நடைமுறை. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறவன் நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான். கன்ட்ரோல்ஸ், அதாவது தவறையும் மோசடியையும் தடுக்கும் ஏற்பாடுகள் பற்றிக் கேள்வி வந்தால் இந்த ஒரு படமே உங்களைக் காப்பாற்றும்.

கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கு வருவோம். டேவிஸின் டெக்னாலஜி அக்செப்டன்ஸ் மாடல் 1989இல் வந்தது: பயன் தரும் என்ற எண்ணமும் எளிது என்ற எண்ணமும்தான் ஒருவரைப் புதிய தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வைக்கின்றன என்கிறது. அதே 1989இல்தான் சிங்கப்பூர் டிரேட்நெட்டைத் தொடங்கியது. ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிக்குப் பல அலுவலகங்களுக்குத் தனித்தனியாகப் படிவம் கொண்டுபோன காலம் போய், ஒரே மின்னணு விண்ணப்பம் வந்தது. இன்று அனுமதி வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அப்படியிருக்க, எளிதா இல்லையா என்ற கேள்விக்கு என்ன மதிப்பு? வெங்கடேஷும் மற்றவர்களும் 2003இல் எழுதிய யூடாட் (UTAUT) கட்டுரையும் இதே விஷயத்தைப் பற்றியது; அதில், விருப்பப்பட்டுப் பயன்படுத்துகிறாரா கட்டாயத்திலா என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் தேர்வுக்கு அது போதும்.

கட்டுரை ஒன்றுக்கு ஒரு ஏ4 பக்கம், அதற்கு மேல் வேண்டாம். சில பாடங்களில் ஒரு தாள் எடுத்துப்போக விடுவார்கள், அப்போது கைகொடுக்கும். ஆசிரியரின் ஸ்லைடை அப்படியே ஒட்டி சம்மரி விற்கும் தளங்களில் ஏற்றாதீர்கள். அது அவருடைய உழைப்பு, பல்கலைக்கழகத்திலும் சிக்கல் வரும்.

நன்றி அக்கா. தமிழில் எழுதிப் படிக்கலாமா? பரீட்சை ஆங்கிலத்தில்தானே?

தாராளமாக எழுதுங்கள். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏன், எதனால், யாருக்கு என்பதைத் தமிழில் எழுதினால் புரிந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பக்கங்களை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அறையில் படிக்க முடியாவிட்டால் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் மேல்மாடிகள் அமைதியாக இருக்கும், பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம். தே ஓ படத்தை வரைந்துவிட்டு இங்கேயே போடுங்கள். அம்புகளை நான் பார்த்துச் சொல்கிறேன்.