சாயநீரில் தங்கிவிடும் நானோ துகள்களைப் பிரிக்க வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் ஆய்வுக்காக, மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த நீரை, ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களின் (மிக நுண்ணிய துகள்களின்) துணையுடன் வெயிலில் சுத்திகரித்து வருகிறேன். 1972இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளாலான மின்முனையில் ஒளி பாய்ச்சி நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளந்து காட்டியதைப் படித்த நாளிலிருந்து இத்துறையின் மேல் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு.

நீலம் மறைந்துவிடுகிறது, ஆனால் நீர் தண்ணீர் கலந்த மோர் போல வெளுத்துக் கலங்கி நிற்கிறது. இரவு முழுவதும் அசையாமல் வைத்தாலும் தெளிவதில்லை. வடிதாளில் ஊற்றினால் துகள்கள் தாளையும் கடந்து இறங்கிவிடுகின்றன. மையவிலக்குக் கருவி சிறு குப்பி அளவுக்குத்தான் உதவும், சாயப்பட்டறைக் கழிவுநீருக்கு ஒத்துவராது. சாயத்தை அகற்றிவிட்டுத் துகள்களை நீரில் விட்டுவைப்பதைச் சுத்திகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

துகள்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி 450 டிகிரி செல்சியஸில் சுட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறை கழுவியபோது பூச்சு செதில் செதிலாக உரிந்தது. ஓட்டுச் சில்லு, படிகக்கல் போன்றவற்றில் உரியாமல் பூசியவர்கள் இருந்தால், எந்தப் பிணைப்பானைப் பயன்படுத்தினீர்கள், பூசிய பின் வினைவேகம் எவ்வளவு குறைந்தது என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இத்துகள்களின் மின்சுமை பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6 அருகில் ஏறக்குறைய சுழியாகி அவை திரண்டு படியும் என்பதால், வினை முடிந்தபின் பிஎச் அளவை அங்கே கொண்டுவருவது நடைமுறையில் பலன் தந்ததா என்பதையும், படிந்த துகள்களை மீண்டும் எத்தனை முறை பயன்படுத்த முடிந்தது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து எழுதுங்கள்.