நீலக் குதிரையை அடையாளம் காண உதவி வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். இத்தாலியின் அரெட்சோ நகரில் மாதந்தோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், ஒரு சாண் உயரமுள்ள செராமிக் குதிரை ஒன்றை வாங்கினேன். பச்சை ஓடிய ஆழ்ந்த நீலப் பூச்சும், ஈரக் களிமண்ணில் அச்சு வைத்து அழுத்திய வட்டங்களும் கோடுகளும், ஃபிளாரன்ஸுக்கு அருகே மோன்டெலுப்போ ஃபியொரென்டினோவில் குய்டோ பிட்டோசி 1921இல் தொடங்கிய குடும்பப் பட்டறையின் 'ரிமினி புளு' வரிசையை நினைவூட்டுகின்றன. 1946இல் அங்கே கலைப் பொறுப்பேற்ற ஆல்டோ லோண்டி வடிவமைத்த அவ்வரிசை பெரும் வரவேற்பைப் பெற்றதால், வேறு பட்டறைகளும் அதே சாயலில் செய்து விற்றன. என் ஐயமும் அங்கேதான் தொடங்குகிறது.

அடிப்பாகத்தில் கையால் எழுதிய 'இத்தாலி' என்ற சொல்லும் ஓர் எண்ணும் தவிர வேறு முத்திரை இல்லை. விலைச்சீட்டை அவசரமாகப் பிய்த்தபோது எண்ணின் கடைசி இலக்கம் மங்கிப்போனது. அது முழுக்க என் தவறு.

இவ்வரிசைப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், பூச்சில்லாத அடிப்பகுதியின் மண் எந்த நிறத்தில் இருக்கும், எண் எவ்வகையில் எழுதப்பட்டிருக்கும் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். இடது காதில் அரிசி அளவு சில்லு பெயர்ந்துள்ளது. அதைச் சரிசெய்வதா, அப்படியே விடுவதா என்றும் சொல்லுங்கள். அடிப்பாகம், காது, பிடரி ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.