நிக்கோட்டின் சூயிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, சிகரெட்டை நிறுத்த வேறு என்ன வழி?

கயல்_திருப்பூர்

வணக்கம். வீட்டுக்காரருக்கு 42 வயசு, பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு 18, 20 சிகரெட் ஆகிறது. காலையில் பல் விளக்கும் முன்பே முதல் சிகரெட் பற்றவைத்தாக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்று ஆரம்பித்து ஆறு வரைக்கும் வந்தார். அதற்குக் கீழே இறங்கவே இல்லை, பழைய கணக்குக்கே போய்விட்டது. அடுத்த தடவை மருந்துக்கடையில் 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினோம். தினம் நாலு மென்றார். டீக்கடையில் மற்றவர்கள் பிடிக்கும்போது இவர் டீயைக் குடித்துக்கொண்டே சூயிங்கம் மெல்லுவார். விக்கல், நெஞ்செரிச்சல், தொண்டைக் கரகரப்பு. "ஆசை துளிகூடக் குறையலை" என்று பத்தாவது நாள் தூக்கிப் போட்டுவிட்டார். அந்தப் பத்து நாளும் ராத்திரி தூக்கம் இல்லை, கை நடுக்கம், மலச்சிக்கல், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார்.

பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார், சர்க்கரை இல்லை. மறுபடி நிறுத்த அவரே தயாராக இருக்கிறார். சூயிங்கம் அவர் உடம்புக்குச் சேராது என்று விட்டுவிடலாமா? குறைத்துக் குறைத்து விடுவதா, ஒரேயடியாக விடுவதா? நிறுத்திய பிறகு இந்த டீக்கடையை எப்படிச் சமாளிப்பது?

மருந்தாளுநர்_சேலம்

சகோதரி, சூயிங்கத்தின் மேல் குற்றமில்லை. மென்ற விதமும் அளவும்தான் தவறிவிட்டன. விக்கல், நெஞ்செரிச்சல், கரகரப்பு மூன்றும் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போனதற்கு அடையாளம். அது கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து. விழுங்கினால் வயிற்றை எரிக்கும், பெரும்பகுதியைக் கல்லீரலே உடைத்துவிடும், மூளைக்கு வந்து சேருவது சொற்பம். "ஆசை குறையலை" என்று அவர் சொன்னது உண்மைதான்.

மெல்லும் முறை இது. வாயில் போட்டு மெதுவாக, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு கடி. மிளகு கடித்தது போன்ற காரமோ சுருக்கென்ற உணர்வோ வரும். வந்த உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வெற்றிலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி சில கடி, காரம் வந்ததும் இந்தத் தடவை அடுத்த பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். அப்புறம் மென்றாலும் காரம் வராது, துப்பிவிடலாம். ஊறும் எச்சிலை முடிந்தவரை விழுங்காமல் இருப்பது நல்லது.

டீயோடு மென்றதுதான் பெரிய தவறு. டீ, காபி, ஜூஸ், சோடா எல்லாமே வாயில் அமிலத்தைக் கூட்டும், அந்த நிலையில் கன்னம் நிக்கோட்டினை உறிஞ்சாது. மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து துப்பும் வரைக்கும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். டீ குடித்தே ஆக வேண்டுமென்றால் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் விட்டு மெல்லட்டும்.

அடுத்தது அளவு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி. வேண்டும். 2 மி.கி. மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு என்பது எந்த மூலைக்கும் காணாது. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது தினம் ஒன்பதாவது ஆகும். 7 முதல் 9ஆம் வாரம் வரை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12ஆம் வாரம் வரை 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. 4 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 15ஐத் தாண்ட வேண்டாம்.

ஆசை வந்த பிறகு எடுத்து மெல்லக் கூடாது, இது பலருக்கும் தெரிவதில்லை. சிகரெட் புகையில் இருக்கும் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கத்தில் அது முழு அளவுக்கு ஏற அரை மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்து மெல்ல வேண்டும், மனசு கேட்கும்போது அல்ல. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒன்று. தலையணைக்குப் பக்கத்திலேயே அட்டையை வைத்துவிடுங்கள்.

நுரையீரல்_மருத்துவர்

மேலே சொன்னது அத்தனையும் சரி. தூக்கமின்மை, நடுக்கம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நிக்கோட்டின் மேல் மட்டும் பழி போடுகிறார்கள்.

சிகரெட் புகையின் தாரில் உள்ள ரசாயனங்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும். டீ, காபியில் இருக்கும் கஃபீனை உடைப்பது அதே நொதிதான். அதனால் புகைப்பவருக்குக் கஃபீன் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. புகை நின்ற சில நாட்களில் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். தினம் எட்டு டீ குடிப்பவர் அதே எட்டு டீயைக் குடித்தால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதிலிருந்தும் வரும். சூயிங்கமும், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச்சும் இதைச் சரிசெய்யாது, நொதியைத் தூண்டுவது நிக்கோட்டின் அல்ல, புகை. ஆகவே நிறுத்தும் நாளிலிருந்தே டீயையும் பாதியாக்கிவிடுங்கள், மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம்.

அதே நொதியால்தான் சில மருந்துகளின் அளவும் மாறும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநல மருந்துகளில் ஓலன்சபின், குளோசபின் எடுப்பவர்கள் நிறுத்தும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை மட்டும் என்பதால் பயமில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கடுமையான கோளாறு உள்ளவர்கள் மட்டும் நிக்கோட்டின் மருந்துகளைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

குறைப்பதா, ஒரேயடியாகவா? ஆறில் வந்து நின்றதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொரு இழுப்பும் ஆழமாகிறது, பஞ்சு வரைக்கும் இழுக்கிறார்கள். ஊதச் சொல்லிக் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியில் பார்த்தால், பாதியாகக் குறைத்தவரின் அளவு பாதியாக இறங்கியிருக்காது. 2016இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள், இரண்டு வாரம் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர். தேதி குறித்து, அன்றைக்கே முழுசாக நிறுத்துவதுதான் என் பரிந்துரை. தேதி இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும், ஷிப்மென்ட் நெருக்கும் வாரமாக இருக்க வேண்டாம்.

20 பிடிப்பவருக்குச் சூயிங்கம் மட்டும் என்பதைவிட பேட்ச்சும் சூயிங்கமும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக நிக்கோட்டின் கொடுத்துக்கொண்டிருக்கும், சூயிங்கம் இடையில் திடீரென எழும் ஆசைக்கு. பேட்ச் அளவு: 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். பேட்ச் ஒட்டினால் சூயிங்கம் 2 மி.கி. போதும், கடிகாரக் கணக்கும் வேண்டாம், தேவைப்படும்போது மென்றால் சரி.

இன்னொரு வழி வாரெனிக்ளின் மாத்திரை, டாக்டர் சீட்டு வேண்டும். முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7ஆம் நாள் வரை இரு வேளை, 8ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். சிகரெட்டை நிறுத்துவது 8ஆம் நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். பியூப்ரோபியானும் உண்டு, ஆனால் வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

கயல்_திருப்பூர்

ரொம்ப நன்றிங்க. டீயும் ஒரு காரணம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பேட்ச் பற்றி ஒரு சந்தேகம். நிட்டிங் பக்கம் வெக்கை அதிகம், சட்டை நனைந்துவிடும். ஒட்டி நிற்குமா? மலச்சிக்கலுக்கு என்ன செய்வது?

மருந்தாளுநர்_சேலம்

குளித்து, துடைத்து, தோல் முழுசாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். அந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ பவுடரோ இருந்தால் பிடிக்காது. மேல்கையின் வெளிப்பக்கம் அல்லது முதுகின் மேல்பகுதி, முடி இல்லாத இடம். ஒட்டி உள்ளங்கையால் பத்து நொடிக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். அப்படியும் ஓரம் கிளம்பினால் சுற்றிலும் சர்ஜிக்கல் டேப் ஒட்டலாம். தினம் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்துக்குத் திரும்ப ஒரு வாரமாவது போகட்டும், இல்லாவிட்டால் சிவந்து அரிக்கும். ராத்திரி கனவு தொல்லை கொடுத்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். அப்படிக் கழற்றினால் காலையில் எழுந்ததும் புது பேட்ச், கூடவே ஒரு சூயிங்கம். பேட்ச் வேலை செய்யத் தொடங்க ஓரிரு மணி நேரம் ஆகும், அதுவரை தாங்குவதற்கு.

மலச்சிக்கல் நிக்கோட்டின் போனதால்தான், குடலை அதுதான் தினம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் சரியாகும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர், கொய்யா, கீரை. வாய்ப்புண் வரலாம், சளி வழக்கத்தைவிட அதிகமாக வரலாம், அதுவும் போய்விடும்.

பழனி_வாசகன்

இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பெரியப்பாவுக்குப் பீடி, தினம் ஒரு கட்டு. பீடிக்கும் இதே அளவுதானா? பீடியில் புகையிலை கொஞ்சம்தானே?

நுரையீரல்_மருத்துவர்

புகையிலை கொஞ்சம்தான், உடம்புக்குள் போவது கொஞ்சமல்ல. பீடி இலை காற்றுப் புகாதது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் போகின்றன. மருந்தின் அளவை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் மேலே சொன்ன அதே அளவு.

போதைமீட்பு_ஆலோசகர்

டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். மருந்து சரியாக அமைந்த பிறகும் ஆட்கள் விழுவது இங்கேதான்.

எரிச்சல், தவிப்பு எல்லாம் இரண்டாவது, மூன்றாவது நாள் உச்சத்துக்குப் போகும், நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். திரும்பப் பற்றவைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே பற்றவைக்கிறார்கள். எனவே முதல் மூன்று வாரம் அந்தக் கடைக்கே போக வேண்டாம். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ கொடுத்தனுப்புங்கள், அளவும் உங்கள் கையில் இருக்கும். கடைக்காரரிடம் அவரே போய், "நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும். சில்லறையாக ஒன்று வாங்க முடிகிற இடத்தில் மனக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

முதல் நாள் இரவே வண்டி டிக்கி, கம்பெனி டிராயர், பேன்ட் பாக்கெட், பூஜை அலமாரிக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் தேடிப் பாக்கெட், லைட்டர், ஆஷ்ட்ரே அத்தனையையும் அப்புறப்படுத்துங்கள். "அவசரத்துக்கு ஒன்று" என்று எதுவும் மிஞ்சக் கூடாது. சட்டைகளைத் துவைத்துவிடுங்கள்.

ஒரு தடவை எழும் ஆசை ஐந்து நிமிடத்தில் தானாக வடியும். அந்த ஐந்து நிமிடத்துக்கு இடத்தை விட்டு எழுந்து நடப்பது, குளிர்ந்த தண்ணீரைச் சிறு மடக்காகக் குடிப்பது, வாயில் ஒரு ஏலக்காயோ கிராம்போ போடுவது போதும். ஆனால் சூயிங்கம் வாயில் இருக்கும்போது தண்ணீர் மட்டும். ஹான்ஸ், கூல் லிப், பான் பக்கம் தாவவே கூடாது, அது அதே நிக்கோட்டினும் வாய்ப் புற்றுநோயும். இ-சிகரெட் 2019இலிருந்து நாட்டிலேயே தடை, அதையும் யோசிக்க வேண்டாம்.

மது குடிப்பவராக இருந்தால் முதல் ஒரு மாதம் அதையும் ஒதுக்க வேண்டும். இரண்டாவது பெக்கில் பக்கத்து இருக்கைக்காரர் நீட்டுவதை மறுக்கும் பலம் யாருக்கும் குறைவுதான். அடுத்த அபாயம் மூன்றாவது மாதம். சூயிங்கம் நிற்கும், தைரியம் கூடும், ஒரு கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ "ஒண்ணுதானே" என்று கை நீளும். அதனால் சூயிங்கத்தைச் சட்டென்று நிறுத்தாமல், பாதியாக வெட்டி மெல்லலாம், இடையிடையே சாதாரண சூயிங்கத்துக்கு மாற்றலாம். அட்டை ஒன்று ஆறு மாதத்துக்குப் பையிலேயே கிடக்கட்டும்.

ஒன்று பிடித்துவிட்டால்? பேட்ச்சைக் கழற்ற வேண்டாம், மருந்தை நிறுத்த வேண்டாம், "போச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளவும் வேண்டாம். மிச்சத்தை நசுக்கிப் போட்டுவிட்டு அந்த மணி நேரத்திலிருந்தே தொடரட்டும். எந்த இடம், யார் கூட, எத்தனை மணி என்று மட்டும் குறித்துக்கொண்டால் அடுத்த வாரம் அந்த இடத்தை முன்கூட்டியே அடைக்கலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் கயல். சாயங்காலம் சட்டையை மோந்து பார்ப்பது, சத்தியம் வாங்குவது இரண்டும் வேண்டாம். பிடித்தால் மறைப்பார், மறைத்தால் உதவி கேட்க மாட்டார். முதல் மூன்று நாள் அவர் எரிந்து விழுந்தால் பதிலுக்குப் பேசாமல் விட்டுவிடுங்கள், அந்த வாரம் பெரிய பஞ்சாயத்து எதையும் எடுக்காதீர்கள்.

சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்கு அவரே கூப்பிடட்டும், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தேதி குறித்துச் சொன்னால் பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் புகையிலை நிறுத்த ஆலோசனைப் பிரிவும் இருக்கிறது.

கயல்_திருப்பூர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தேதி குறித்துவிட்டார். பேட்ச் வாங்கப் போகிறோம். வீட்டில் மூன்று வயசுக் குழந்தை இருக்கிறது, கழற்றிய பேட்ச்சைக் குப்பையில் போடலாம்தானே?

மருந்தாளுநர்_சேலம்

அப்படியே போடாதீர்கள். ஒட்டிக் கழற்றிய பேட்ச்சிலும் குழந்தைக்கு ஆபத்தான அளவு நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து ஒட்டி, அது வந்த உறையிலேயே போட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். மென்று துப்பிய சூயிங்கத்தையும் காகிதத்தில் சுருட்டித்தான் போட வேண்டும். புது அட்டைகள் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். நான் முன்பு தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது உங்கள் வீட்டுக்குச் சரிவராது, கட்டிலுக்கு மேலே உயரமான ஸ்லாபில் வையுங்கள். பேட்ச் ஒட்டிய, கழற்றிய கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.