ஜன்னலருகே நிற்கும் பெண்: பெர்லினில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, வணக்கம். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் 1822இல் வரைந்த ‘ஜன்னலருகே பெண்’ ஓவியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓவியரின் மனைவி கரோலினே நமக்கு முதுகைக் காட்டியபடி, டிரெஸ்டன் நகரில் இருந்த கணவரின் ஓவியக்கூடத்தின் ஜன்னலில் சாய்ந்து நிற்கிறார். அறையில் அலங்காரம் எதுவுமே இல்லை. வெளியே எல்பே ஆற்றில் நிற்கும் படகின் பாய்மரமும், அக்கரை பாப்லர் மரங்களும் தெரிகின்றன. அவர் எதைப் பார்க்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த மறைப்புதான் என்னை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது.

சிக்கல் நிறத்தில்தான். என்னிடமுள்ள ஒரு புத்தகத்தில் உடை பச்சையாக இருக்கிறது. இன்னொன்றில் ஏறக்குறைய பழுப்பு. கட்டுரையின் பாதி அந்த உடைக்கும் இருண்ட சுவருக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஊகித்து எழுத மனம் வரவில்லை.

மூல ஓவியம் பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 44 செ.மீ. உயரம்தான், அதனால் அவசரத்தில் கடந்து போய்விடாதீர்கள். நேரில் பார்த்தவர்கள் உடையின் நிறத்தையும், தரையிலும் சுவரிலும் ஒளி எவ்வளவு தூரம் விழுகிறது என்பதையும் சொல்ல முடியுமா? நினைவிலிருந்து சொன்னாலும் போதும்.

இன்னொன்று: இப்படி முதுகு காட்டி நிற்கும் உருவத்தை ஜெர்மானியர்கள் ‘ரூக்கன்ஃபிகூர்’ என்கிறார்கள். ‘புறமுதுகு’ என்றால் போர்க்களத் தோல்வி நினைவுக்கு வந்துவிடுகிறது. பொருத்தமான தமிழ்ச் சொல் இருந்தால் தாருங்கள்.