லென்ஸில் எழுதியிருக்கும் இரண்டாவது எண்

கூத்துக்கிறுக்கன்:

குறைந்த பணத்தில் மேனுவல் வசதியுள்ள (வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும்) சின்ன கேமரா வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்று இங்கே கேட்டிருந்ததால் எழுதுகிறேன். என்னுடையது ஒருமுறை ஏமாந்து, அப்புறம் தேறிய கதை.

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி பத்துக்கு மேல் ஆரம்பித்தால் விடிய விடிய ஆட்டம்தான். அதைப் படமெடுக்கத்தான் எனக்குக் கேமரா. ஃப்ளாஷ் போட்டால் ஆடுகிறவர் முகம் சுளிப்பார். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் வாய்விட்டே திட்டுவார்கள். டிஎஸ்எல்ஆர் என்கிற பெரிய கேமரா வாங்க வசதியில்லை. வசதி இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அவ்வளவு பெரிய லென்ஸை நீட்ட எனக்குக் கூச்சம்.

முதலில் கடையில் புதுசாகவே ஒன்று வாங்கினேன். 30 மடங்கு ஜூம், டயலில் மேனுவலுக்கான ‘எம்’ என்ற எழுத்து. இது போதுமே என்று நினைத்தேன். திருவிழாவில் எம்-மில் வைத்து அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையை (எஃப் எண் சின்னதானால் துளை பெரிது), மாற்றப் பார்த்தால் எஃப் 3.3, அடுத்தது எஃப் 8. நடுவில் ஒன்றும் இல்லை! அந்த எஃப் 8-இலும் துளை சுருங்குவதில்லை, உள்ளே ஒரு கறுப்பு ஃபில்டர் வந்து மறைத்துக்கொள்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜூம் செய்தால் எஃப் 5.9. துரியோதனன் வேஷம் மொத்தமும் ஒரு சிவப்புக் குழம்பு.

இரண்டாவது முறை பழசைத் தேடினேன். கையில் பன்னிரண்டாயிரம். கண்ணில் பட்டவை இரண்டு, இரண்டுமே 2012-இல் வந்தவை: சோனி ஆர்எக்ஸ்100, பானசோனிக் எல்எக்ஸ்7. எல்லாரும் சோனி என்றார்கள். அதன் ஒரு அங்குல சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) சுமார் 116 சதுர மில்லிமீட்டர். பானசோனிக்கில் இருக்கும் 1/1.7 அங்குல வகை 43-ஐத் தாண்டாது. சரி, சோனிதான் என்று கிளம்பும் நேரத்தில் லென்ஸின் முகப்பைப் படித்தேன். சோனியில் 1.8-4.9. பானசோனிக்கில் 1.4-2.3. நாம் முதல் எண்ணைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். அது ஜூம் செய்யாதபோது மட்டும், முழு ஜூமில் கிடைப்பது இரண்டாவது எண்தான். நானோ நாலாவது வரிசையில் உட்கார்ந்து ஜூமைக் கடைசிவரை தள்ளுகிறவன். அங்கே எஃப் 2.3-க்கும் 4.9-க்கும் நாலரை மடங்கு வெளிச்ச வித்தியாசம். பெரிய சென்சார் கொடுக்கும் லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது. வீட்டுக்குள் குழந்தையை ஜூம் இல்லாமல் எடுப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சோனி வாங்குங்கள். எனக்கு எல்எக்ஸ்7, பதினோராயிரத்துக்குப் படிந்தது.

அதில் அபர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. இருட்டில் திரையைப் பார்க்காமலே விரலால் ‘டக் டக்’ என்று எண்ணித் திருப்பலாம். பழைய ஃபிலிம் கேமராக்காரர்களுக்கு இது புரியும்.

கூத்துக்கு மேனுவல் ஏன் அவசியம் என்றால், பின்னால் முழுக்க இருட்டு. ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம் வெள்ளையாக எரிந்துபோகும். இன்னொன்று, நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டரை (வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும் நேரம்) நொடியில் 1/250 வைத்தேன். ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், நிறமும் வேறு. 1/100-க்கு இறக்கியதும் எல்லாம் ஒரே மாதிரி வந்தன. எஃப் 2.3, 1/100, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 800. விடியும்வரை மாற்றவில்லை. சுழன்று ஆடும்போது கை கலங்கும், முகம் நிற்கும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. பின்னணி மங்கலாகிப் ‘புகைப்படக்காரர் படம்’ மாதிரி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இவ்வளவு சின்ன சென்சாரில் அது நடக்காது.

சின்னாளபட்டிக்காரி:

அண்ணா, உங்கள் இரண்டாவது எண் எனக்கு உதவவே உதவாது. நான் சுங்குடிப் புடவை விற்கிறேன். புடவை ஓடவா போகிறது? ஸ்டாண்டில் வைத்து ஐஎஸ்ஓ 80-இல் ஷட்டரை ஒரு நொடி திறந்துவைத்தாலும் கவலையில்லை. எனக்கு வேண்டியது நிறம். ஃபோனில் எடுத்த அரக்கு, பார்சல் பிரித்தவர் வீட்டில் மெரூனாக இருந்ததால் நாலு புடவை திரும்பி வந்தது. 2010-இல் வந்த கேனன் எஸ்95 பழசாக வாங்கினேன். வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்ற கணக்கை) நாமே பதித்துக்கொள்ளலாம், ரா ஃபைலும் (கேமரா திருத்தாத மூலப் படம்) உண்டு. திண்ணை வெளிச்சம், மதியம் மூன்று மணிக்குள். அதற்குப் பிறகு ஒரு புடவையும் நிறத்துக்காகத் திரும்பவில்லை. ஒன்று திரும்பியது, அது மாமியாருக்குப் பிடிக்கவில்லையாம்.

நாகர்கோவில் மழை:

பழசு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விற்றவர் கேமராத் திரையிலேயே பத்துப் படம் காட்டினார், எல்லாம் அருமை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் வானத்தில் மூன்று சாம்பல் பொட்டு. நீளும் லென்ஸ் உள்ளே போகும்போது சட்டைப்பைத் தூசியையும் கூட்டிக்கொண்டு போகுமாம். லென்ஸைக் கழற்ற முடியாது, முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும். ரிப்பேர்க்காரர் கேட்டது மூவாயிரத்து ஐந்நூறு. நான் வாங்கியதே ஏழாயிரம். பார்க்கப் போகும்போதே எஃப் 8 வைத்து, ஜூமைக் கடைசிவரை தள்ளி, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா வளையத்தையும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதற்கும் ஐந்நூறு குறைக்கச் சொல்லுங்கள்.

கூத்துக்கிறுக்கன்:

வானம் டெஸ்ட் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் மாடிக்குப் போய் எடுத்துப் பார்த்தேன், வலது மூலையில் ஒன்று இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், ராத்திரிக் கூத்தில் அந்த மூலை எப்படியும் கறுப்புதான்.

தங்கச்சி, நீ சொல்வதும் சரி. நம்ம கூத்து வாத்தியாரிடம் போன வருஷப் படங்களைக் காட்டினேன். வேஷக்காரர் நுழைவதற்கு முன்னால், கையில் பிடித்திருக்கும் திரைக்குக் கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும் ஒன்று. முகம் தெரிகிற நாற்பது படத்தைத் தள்ளிவிட்டு அதைத்தான் பிரின்ட் போட்டுத் தரச் சொன்னார்.