புதிதாக அசெம்பிள் செய்த கணினியும் ரேம் தகராறும்: உங்களுக்கு நடந்தது என்ன?

நள்ளிரவு_ரெண்டர்:
கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காகப் போட்ட கணினி. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசை பிராசஸர், 6000 வேகத்தில் டிடிஆர்5 ரேம், இரண்டு ஸ்டிக். முகூர்த்த சீசன் வந்ததும் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிச் சொருகினேன், எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆனிலேயே இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பம். மாப்பிள்ளையின் அப்பா எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தாலி கட்டும் காட்சி. கெட்டிமேளம் ஒரே சத்தத்தில் 'ட்ர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டு நிற்கிறது, திரை நீலமாகிறது, மெமரி மேனேஜ்மென்ட் என்று எழுத்து. அவர் கோபப்படவே இல்லை. "நான் அட்வான்ஸ் குடுத்ததாவது அதுக்கு ஞாபகம் இருக்கா தம்பி?" என்றார்.

ஒவ்வொரு ஜோடியையும் தனியாகப் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட்டினால் பிழையே இல்லை. நாலையும் போட்டால் விழுகிறது. அப்புறம் பார்த்தால், அந்த வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் வேகம் 5200, நாலு என்றால் 3600 என்பதுதான் ஏ.எம்.டி. சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஓடினால் நம் அதிர்ஷ்டம். இரண்டாவது ஜோடி இப்போது டிராயரில் கிடக்கிறது. எதுவுமே பழுதில்லை, ஆனால் சேர்ந்து ஓடாது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சிஆர்சி_எரர்:
உங்களுக்காவது நீலத்திரை வந்தது. எனக்கு அதுவும் இல்லை. பிரவுசரில் ஏதாவது ஒரு டேப் செத்துப்போகும், அவ்வளவுதான். ஒரு பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தேன், சிஆர்சி பிழை, அதாவது உள்ளே ஒரு கோப்பு கெட்டுவிட்டதாம். மறுபடி பிரித்தால் உள்ளே வேறொரு கோப்பு கெட்டுவிட்டது என்கிறது. டவுன்லோடுதான் சரியில்லை என்று நெட்காரரோடு சண்டை வேறு. கடைசியில் அதே ஜிப்புக்கு ஷா256 (கோப்பு மாறாதவரை மாறாத, கைரேகை மாதிரியான ஒரு கணக்கு) போட்டுப் பார்த்தேன், இன்னொரு முறையும் போட்டேன். இரண்டு வேறு விடை! கோப்பை நான் தொடக்கூட இல்லை. அப்போது முதுகு சில்லிட்டது நிஜம்.

மெம்டெஸ்ட்86+ போட்டதுமே சிவப்பு வரிகள். ஒரே ஸ்டிக், எப்போதும் அதே முகவரி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கடையில் காட்டினால், "எரேசர் வெச்சுத் துடைச்சுப் போடுங்க சார்" என்கிறார். ஸ்டிக்கை மாற்றி வாங்கிவிட்டேன், அது முடிந்தது. முடியாதது இதுதான்: பழைய கணினியிலிருந்து குழந்தையின் போட்டோக்களை எல்லாம் அந்த ரேம் வழியாகத்தான் மாற்றினேன். எது கெட்டிருக்கிறதோ என்று இன்னும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_பென்டியம்:
எரேசரைக் கிண்டல் செய்யாதீர்கள். எஸ்டி ரேம் காலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரையே அதை வைத்து ஓட்டியவன் நான். மழைக்காலத்தில் நீளமாக பீப் அடித்தால் கழற்று, துடை, போடு. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாரும் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. எக்ஸ்போ ஆனாலும், அதே வேலையைச் செய்யும் இன்டெலின் எக்ஸ்.எம்.பி. ஆனாலும் முதலில் அணையுங்கள். கிராஷ் நின்றால் பெரும்பாலும் தகராறு வேகத்தில். நிற்காவிட்டால்தான் ஸ்டிக்கைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டே ஸ்டிக் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். பக்கத்துப் பக்கத்தில் சொருகிவிட்டு ஒற்றைச் சேனலில் (ரேமுக்கான இரண்டு பாதையில் ஒன்றில் மட்டும்) ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காக ஒரே ஸ்லாட்டில் சோதியுங்கள். பிழை ஸ்டிக்கோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். இதெல்லாம் முடியும்வரை விண்டோஸை மறுபடி போடாதீர்கள், கெட்ட ரேமில் போட்ட விண்டோஸும் கெட்டதாகத்தான் இருக்கும். கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மலிவானது என்றால் அதையும் மாற்றிப் பாருங்கள்.

சிஆர்சி_எரர்:
ஐயா, நான்தான் ஸ்டிக்கை மாற்றிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேனே. தினமும் ஒரே முகவரியில் பிழை வந்தால் சிப்புக்குள்ளே ஏதோ செத்துவிட்டது. வெளியே ஸ்டிக்கின் பின்களைத் துடைத்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளவத்தைக்காரன்:
எனக்கு ரேமிலும் பிழையில்லை, போர்டிலும் பிழையில்லை. 32 ஜிபி போட்டால் பயாஸ் 16 என்று காட்டும், ஆட்டத்தின் நடுவில் அதுவும் விழும். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கிய கடையில் கதைத்தேன், கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே வேலை செய்த பெடியன் ரேமைத் தொடவே இல்லை. பிராசஸருக்கு மேலுள்ள கூலரின் நாலு திருகாணிகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி ஆன் செய்தான். 32. ஒரு பக்கம் அதிகம் இறுகினால் பிராசஸர் உட்காரும் சொக்கெட்டின் முள்ளுகள் சில சரியாகப் படாதாம், ஒரு சேனலே காணாமல் போய்விடுமாம். காசும் வாங்கவில்லை. அந்த முகத்தில் இருந்த சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

ஜிபியு_பித்தன்:
எல்லோரும் ரேம் ரேம் என்கிறீர்கள். 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை விவகாரம் மறந்துவிட்டதா? கேம் திறந்தால் வீடியோ மெமரி போதவில்லை என்று வரும், உண்மையில் தகராறு பிராசஸரில். மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) அப்டேட் விட்டு, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். முதல் பதிவு போட்டவர் அதைப் பார்க்க வேண்டும்.

நள்ளிரவு_ரெண்டர்:
என்னுடையது ரைசன், நண்பரே.

முதல்_பூட்:
இப்போதுதான் டிடிஆர்5 போட்டு ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு, போர்டில் ரேமைக் குறிக்கும் டிரேம் விளக்கு அணையவே இல்லை. கழற்றவா?

பழைய_பென்டியம்:
தொடாதீர்கள்! முதல் தடவை மெமரி ட்ரெய்னிங், அதாவது போர்டு ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது, நடக்கும், சில நிமிடம் ஆகலாம். ஆஃப் மட்டும் செய்துவிடாதீர்கள்.

முதல்_பூட்:
நான் செய்யவில்லை. கரண்ட் போய்விட்டது.