கம்ப்யூட்டரில் மட்டும் நெட் விட்டுவிட்டு வருகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் நெட் நிலையாக நிற்கவில்லை. பத்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் ஒரு நிமிடம் அப்படியே நின்றுபோகும், தானாகத் திரும்பி வரும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பில் கணக்கு பாதியில் நின்றுவிட, நோட்டில் அரை வரியோடு பேனாவைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஃபைபர் இணைப்பு, யூஎஸ்பி வைஃபை அடாப்டர். ரூட்டர் கூடத்தில், கம்ப்யூட்டர் இரண்டு சுவர் தள்ளி உள்ளறையில். நெட் நிற்கும்போதும், ஃபைபர் சிக்னல் அறுந்தால் எரியும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிவதில்லை, போனில் அதே வைஃபையில் வீடியோ ஓடுகிறது. அதனால் வெளியிலிருந்து வரும் லைனில் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

நேற்று இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் ரூட்டரின் 192.168.1.1-க்கும் இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டேன். நின்ற நேரத்தில் இரண்டிலுமே பதில் இல்லை. ரூட்டர் வரைக்குமே போய்ச் சேரவில்லை என்றால் சிக்கல் அடாப்டரிலோ சிக்னலிலோதானே?

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் சேவிங் டிக்கை எடுத்தேன். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 6. அக்கம்பக்கத்து வைஃபை ஐந்தாறும் அதிலேயே தெரிகின்றன. 1 அல்லது 11-க்கு மாற்றினால் சரியாகுமா? இல்லை, ரூட்டரிலிருந்து 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிளே இழுத்துவிடலாமா? இதே தொல்லையைப் பட்டுத் தீர்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை அவளுக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு.